ஊட்டி ஸ்டீபன் சர்ச்: திப்பு அரண்மனை மரமும் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டமும்

குளிர்காத்து (திருப்பூர்) எழுதியது:

போன வாரம் ஃபேமிலியோட ஊட்டி போயிருந்தோம். பொட்டானிக்கல் கார்டன்ல கால் வைக்க இடமில்ல. டாக்ஸி அண்ணன் "வாங்க சார், அமைதியான இடம் ஒண்ணு காட்டுறேன்"னு மைசூர் ரோட்டுல இருக்கிற ஸ்டீபன் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போனார். வெளிர் மஞ்சள் கட்டடம், குட்டையான கோபுரம். உள்ள போனதும் "மேல பாருங்க சார், இந்த மரம் பூரா திப்பு சுல்தான் அரண்மனையில பேத்தெடுத்து யானை வச்சு மலை ஏத்தினது"ன்னார். மூஞ்சில அவ்ளோ பெருமை, அவரே முன்னாடி நின்னு இழுத்துட்டு வந்த மாதிரி.

பின்பக்கம் மேடு ஏறினா கல்லறைத் தோட்டம். பாசி புடிச்ச கல்லு, துருப்பிடிச்ச இரும்பு வேலி. படிக்க முடிஞ்ச கல்லுல வயசைப் பார்த்தா இருபத்தஞ்சு, முப்பது, கைக்குழந்தைன்னே வருது. வீட்டம்மா பாதியிலயே "போதும், இறங்கலாம்"னுட்டாங்க.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. திப்பு கதை நிஜமா, டூரிஸ்ட்டுக்கு விடுற ரீலா? மலைக்காத்து உடம்புக்கு நல்லதுன்னுதானே வெள்ளைக்காரன் ஏறி வந்தான்? அப்புறம் ஏன் இத்தனை பேர் சின்ன வயசுலயே போய்ச் சேர்ந்திருக்காங்க?

மஞ்சூர் மாமா எழுதியது:

ரீல் இல்லை தம்பி. உங்கள் டாக்ஸிக்காரர் சொன்னது சரிதான்.

சர்ச்சுக்கு அடிக்கல் நாட்டியது 1829 ஏப்ரல் 23, மன்னர் நான்காம் ஜார்ஜ் பிறந்தநாள் விழாவன்று. நாட்டியவர் அப்போதைய சென்னை கவர்னர் ஸ்டீபன் ரம்போல்ட் லஷிங்டன். கட்டிய பொறுப்பு கேப்டன் ஜான் ஜேம்ஸ் அண்டர்வுட்டுடையது. செலவு 24,000 ரூபாய் என்று சொல்வார்கள். 1830 நவம்பர் 5 அன்று கல்கத்தா பிஷப் ஜான் மத்தியாஸ் டர்னர் பிரதிஷ்டை செய்தார். பொது ஆராதனைக்குத் திறந்தது 1831 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு.

மரம் வந்தது ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் லால் பாக் அரண்மனையிலிருந்து. 1799 மே 4 அன்று கோட்டை விழுந்து திப்பு மாண்ட பிறகு, அந்தத் தீவில் இருந்த மாளிகைகளில் தாரியா தௌலத் மட்டும் ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லஸ்லி அதில் குடியிருந்ததால் தப்பியது என்று சொல்லலாம். லால் பாக் அரண்மனையைப் பிரித்துவிட்டார்கள். அதன் உத்தரங்கள்தான் முப்பது வருஷம் கழித்து மலையேறின.

சந்தேகசாமி எழுதியது:

மாமா, ரெண்டு இடிக்குது. நான்காம் ஜார்ஜ் பிறந்தது ஆகஸ்ட் 12. ஏப்ரல்ல எப்படிப் பிறந்தநாள்? ரெண்டாவது, நீலகிரி பூரா காடு. மரத்துக்கா பஞ்சம்? மைசூர்ல இருந்து யானை வச்சு இழுக்கணும்னு என்ன தலையெழுத்து? தென்னிந்தியாவுல பழைய கட்டடம் எதுக்குள்ள போனாலும் ஒரு கதவோ தூணோ "திப்பு காலத்தது"ன்னு சொல்லிடுறாங்க. எதையும் விசாரிக்காம நம்புற ஆள் நான் இல்ல.

மஞ்சூர் மாமா எழுதியது:

விசாரியுங்கள், நல்லதுதான். பிறந்தது ஆகஸ்ட். ஆனால் அரசு விழாவாகக் கொண்டாடியது ஏப்ரல் 23, ஜார்ஜ் புனிதர் நாள். 

மரத்துக்கு வருகிறேன். ஊட்டியைச் சுற்றி அன்று இருந்தது சோலைக்காடு. சோலை மரம் குட்டை, காற்றுக்கு முறுக்கிக்கொண்டு வளரும். ஒரு ஆலயக் கூடத்தின் அகலத்தைத் தாங்க நேரான நீள உத்தரம் அதில் தேறாது. இன்று நீங்கள் பார்க்கும் யூகலிப்டஸ், பைன் எல்லாம் பிறகு கொண்டுவந்து நட்டவை. அடிவாரத்தில் தேக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெட்டி, அறுத்து, ஈரம் போகக் காயவைத்து எடுக்க வருஷக்கணக்கு ஆகும். அரண்மனை மரமோ காய்ந்து இறுகி, இழைத்து ரெடியாக இருந்தது. அடிக்கல்லுக்கும் பிரதிஷ்டைக்கும் நடுவே ஒன்றரை வருஷம்தான் என்பதைக் கவனியுங்கள். அந்த அவசரத்துக்குப் பழைய மரம்தான் தோது.

வெற்றியைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். திப்புவின் கூரை மரத்தின் கீழ் உட்கார்ந்து கும்பெனிக்காரன் ஜெபம் பண்ணுவதில் ஒரு திருப்தி இருக்கும்தானே.

குன்னூர்_குரு எழுதியது:

மெட்ராஸ்ல பிஷப் இல்லையா? கல்கத்தால இருந்து ஏன் வரணும்?

மஞ்சூர் மாமா எழுதியது:

மெட்ராஸ் தனி மறைமாவட்டம் ஆனதே 1835இல். முதல் பிஷப் டேனியல் கோரி. அதுவரை இந்தியா முழுக்கக் கல்கத்தா பிஷப்பின் ஆளுகைதான். பாவம் டர்னர், ஊட்டிக்கு வந்துபோன மறு வருஷம் 1831 ஜூலையில் கல்கத்தாவில் இறந்துபோனார். அந்த வரிசையில் முதல் நாலு பிஷப்மார்களில் எவரும் அங்கே நீண்ட நாள் தாக்குப்பிடிக்கவில்லை.

கோயில்பிள்ளை மகன் எழுதியது:

எங்கப்பா வேற ஊர்ல கோயில்பிள்ளையா, அதாவது சர்ச்சைப் பார்த்துக்கிற ஊழியரா இருந்தவர். அதனால இந்த மாதிரி இழை பார்த்தா நிக்காம போக முடியாது.

ஸ்டீபனைத்தான் தமிழ் வேதத்துல ஸ்தேவான்னு சொல்வோம். அந்தப் பேரு வச்சதுல ஒரு குசும்பு இருக்கு. ஸ்தேவான் முதல் இரத்தசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர் விட்டவர், திருநாள் டிசம்பர் 26. அடிக்கல் போட்டதோ ஏப்ரல்ல, ஜார்ஜ் புனிதர் நாள்ல. அப்போ "ஜார்ஜ் ஆலயம்"னுதானே வச்சிருக்கணும்? கவர்னர் பேரு ஸ்டீபன். மீதியை நான் சொல்லணுமா!

சந்தேகசாமி எழுதியது:

நகருக்கு மந்திரி பேரு வைக்கிற வழக்கம் அப்பவே இருந்திருக்கு 😄

கோத்தகிரி டீத்தூள் எழுதியது:

லஷிங்டனை இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள். ஊட்டியை உருவாக்கிய மனிதரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இந்தக் கல்லறைத் தோட்டத்தில் அவர் குடும்பம்தான் கிடக்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார். முதலில் குடியிருந்தது எங்கள் கோத்தகிரிப் பக்கம். கன்னேரிமுக்கில் அவருடைய பேத்தக்கல் பங்களா இன்றும் நினைவு இல்லமாக இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். இன்றைக்கு அரசு கலைக்கல்லூரி இருக்கும் இடம் அது. ஏரி வெட்டியது, உருளைக்கிழங்கு, கோஸ், பழமரம் எல்லாம் போட்டுப் பார்த்தது அவர். அவர் மனைவி ஹென்ரியெட்டா செசிலியா கணவரோடு மேலே வந்து குடியேறினார். ஊட்டியில் வாழ்ந்த முதல் ஐரோப்பியப் பெண் அவர்தான் என்பார்கள்.

1827இல் லஷிங்டன் கவர்னராக வந்தார். அவருக்கு ஊட்டி மேல் கொள்ளை ஆசை, சல்லிவன் மேல் அவ்வளவு இல்லை. மறு வருஷமே ஊட்டியை ராணுவ சானடோரியம் ஆக்கி மேஜர் கெல்சோ என்ற கமாண்டன்ட்டின் கீழ் கொண்டுபோனார். 1830இல் மலையின் பெரும் பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். பத்து வருஷம் உழைத்த கலெக்டருக்குத் தன் ஊரிலேயே அதிகாரம் போச்சு. அது மறுபடி கோயம்புத்தூருக்கு வந்தது 1843இல். அதற்குள் சல்லிவன் கப்பல் ஏறிவிட்டார்.

இப்போது கல்லறைக்கு வாருங்கள். 1838இல் ஹென்ரியெட்டாவும் மகள் ஹாரியெட்டும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தார்கள். இரண்டு பேரையும் அடக்கம் பண்ணியது லஷிங்டன் அடிக்கல் போட்ட இதே ஆலயத்தின் வளாகத்தில். சல்லிவன் 1841இல் வேலையை விட்டு இங்கிலாந்து போனார், 1855இல் இறந்தார். அவர் கல்லறை ஸ்லவ் ஊரில், அப்டன் செயின்ட் லாரன்ஸ் ஆலய வளாகத்தில். பெண்டாட்டி பிள்ளை மலையில், அவர் மட்டும் எங்கோ லண்டனுக்குப் பக்கத்தில். லஷிங்டன் பெயர் அடிக்கல்லோடு ஒட்டிக்கொண்டது. டூரிஸ்ட் கைடில் திப்பு மரம் நாலு வரி வரும், இந்த இரண்டு கல்லறைக்கு ஒரு வரி தேறினால் பெரிசு.

குளிர்காத்து (திருப்பூர்) எழுதியது:

அய்யோ, அந்தக் கல்லறைங்க பக்கம் போயிட்டு தெரியாமயே இறங்கி வந்திருக்கோம். போர்டு ஏதாவது இருக்கா?

கோத்தகிரி டீத்தூள் எழுதியது:

சர்ச்சில் இருப்பவர்களைக் கேட்டால் காட்டுவார்கள். கேட்காமல் தேடினால் மேடு ஏறி இறங்கி முட்டி போயிடும்.

வெலிங்டன் ரிட்டயர்டு நர்ஸ் எழுதியது:

ஏன் சின்ன வயசுன்னு கேட்டீங்களே, அதுக்கு யாரும் பதில் சொல்லலையே.

சானடோரியம்னா என்ன? சமவெளியில படுத்த படுக்கையா ஆனவங்களை "மேல கொண்டுபோங்க, தேறிடும்"னு அனுப்புற இடம். அதாவது ஊட்டிக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் வரும்போதே நோயாளி. சீதபேதி, கல்லீரல் வீக்கம், விட்டு விட்டு வர்ற ஜுரம். ரயில் குன்னூருக்கு வந்தது 1899, ஊட்டிக்கு 1908. அதுக்கு எழுபது எண்பது வருஷம் முந்தி மேட்டுப்பாளையத்துல இருந்தோ சீகூர், கூடலூர் பக்கமிருந்தோ டோலியிலயும் குதிரையிலயும் வரணும். அந்த அடிவாரம் பூரா மலேரியாக் காடு. சுகம் தேடி வர்ற வழியிலயே புதுசா ஒரு ஜுரத்தை வாங்கிட்டு வந்து சேருவாங்க. கொசுதான் காரணம்னு 1897 வரைக்கும் யாருக்கும் தெரியாது. ராத்திரி அடிவாரத்துல தங்காதேன்னு மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தாங்க.

பொம்பளைங்க கல்லறையை உத்துப் பாருங்க. பக்கத்துலயே ஒரு குட்டிக் கல்லு இருந்தா, தேதியைப் பாருங்க. தாய்க்கும் பிள்ளைக்கும் சில நாள் வித்தியாசம்னா பெரும்பாலும் பிரசவமாத்தான் இருக்கும். குழந்தைங்க கல்லுல வயசை வருஷம், மாசம், நாள்னு எண்ணி எண்ணி வெட்டியிருப்பாங்க. ஆபீசர் கல்லுல ரெஜிமென்ட் பேரு நாலு வரி, பெண்டாட்டி கல்லுல "இன்னாரின் மனைவி". என் சர்வீஸ்ல பிரசவ வார்டுதான் ஜாஸ்தி பார்த்தேன். அந்த மேட்டுல எனக்கு ஒவ்வொரு கல்லும் ஒரு கேஸ் ஷீட்.

ஹட்டிக்காரி எழுதியது:

நான் இந்த மலையில் பிறந்தவள். ஒன்று சொல்லிக்கொள்கிறேன், சண்டைக்கு இல்லை.

சல்லிவனும் லஷிங்டனும் யாருடைய நிலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்? கல் பங்களா நிலம் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கியது. தோடர்களுக்கு நில உரிமை உண்டு, ஈடு கொடுக்க வேண்டும் என்று பின்னால் வாதாடியவரும் இதே சல்லிவன்தான். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த மலையில் சாவுக்குக் கல் வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கமும் இல்லை. நீலகிரி உச்சிகளில் வட்டமாகக் கல் அடுக்கிய ஈமக்குழிகள் ஏராளம். சர்ச் கட்டுவதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தியவை. நீலகிரி கோயம்புத்தூரை விட்டுத் தனியானபோது 1868இல் முதல் கமிஷனராக வந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், அந்தக் குழிகளைத் தோண்டி எடுத்த மண்பாண்டம், வெண்கலம், தங்கம் எல்லாம் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலும் சென்னை எழும்பூரிலும் இருக்கின்றன. பிரீக்ஸ் 1872இல் இறந்தார். அவர் நினைவாக ஸ்டீபன் சர்ச் பக்கத்திலேயே பள்ளிக்கூடம் எழுப்பினார்கள். அடுத்தவர் ஈமக்குழியைக் கிண்டியவருக்கு நினைவுப் பள்ளி! எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

தோடர்கள் எரிப்பவர்கள். அந்தக் காலத்தில் எருமை பலி கொடுத்து, நாள் கழித்து இரண்டாவது சாவுச் சடங்கும் செய்வார்கள். எங்கள் படகர் சாவில் இறந்தவர் செய்த குற்றங்குறை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, அத்தனையும் தீரட்டும் என்று கூடியிருப்பவர்கள் கூடவே சொல்லுவார்கள். பெயர் வெட்டிய கல் கிடையாது. ஆகவே 1829க்குப் பிறகு செத்தவர்களின் பெயர் மட்டும் படிக்கக் கிடைக்கிறது. "ஊட்டியின் வரலாறு அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது" என்று யாராவது எழுதினால், பாதி வரலாறு என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சூர் மாமா எழுதியது:

அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. உத்தரத்தை இழுத்த யானையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். பாகன் பெயரோ, சுவர் எழுப்பிய கொத்தன் பெயரோ எங்கும் வெட்டி வைக்கவில்லை.

பச்சைத்தமிழன்77 எழுதியது:

அப்புறம் எதுக்குங்க இதைப் பாதுகாக்கணும்? நம்மை அடிமைப்படுத்தினவன் கல்லறைக்கு நம்ம வரிப்பணமா? அப்படியே விடுங்க, புல்லு மூடட்டும்.

வெலிங்டன் ரிட்டயர்டு நர்ஸ் எழுதியது:

ஏழு மாசக் குழந்தை யாரைங்க அடிமைப்படுத்துச்சு?

கோயில்பிள்ளை மகன் எழுதியது:

தம்பி, வரிப்பணம் இல்ல. 1947 செப்டம்பர்ல தென்னிந்தியத் திருச்சபை உருவானதுல இருந்து அது சி.எஸ்.ஐ. ஆலயம். இன்னைக்கு அங்க ஆராதனைக்கு வர்றது நம்ம ஜனங்கதான். கூரை ஒழுகுனா சேகரத்து ஜனம், அதாவது அந்தச் சபைக்காரங்க, காணிக்கை போட்டுத்தான் சரி பண்ணணும். அதுல கல்லறைக்கு எங்க மிஞ்சும்? கல்லறைத் திருநாளுக்குக் குடும்பம் இருக்கிற கல்லறைக்கு மட்டும் வெள்ளை அடிச்சு, மெழுகுவத்தி ஏத்தி, பூ வைப்பாங்க. நூத்தி எழுபது வருஷக் கல்லறைக்கு எந்தப் பேரன் வருவான்?

வெளிநாட்டுல இருந்து கொஞ்சம் உதவி கிடைக்கும். தெற்காசியக் கல்லறைகளுக்குன்னே 1976ல பிரிட்டன்ல ஆரம்பிச்ச பாக்ஸான்னு ஒரு சங்கம் இருக்கு. உள்ளூர்ல பொறுப்பா செய்ய ஆள் இருந்தா சின்னச் சின்ன மானியம் தருவாங்க.

சுண்ணாம்புக் கரணை எழுதியது:

பழைய கட்டடம் பழுது பார்க்கிற வேலைதான் எனக்குச் சோறு போடுது. அதனால இதை மட்டும் சொல்லிட்டுப் போறேன், நல்ல எண்ணத்துல செய்றவங்கதான் ஜாஸ்தி கெடுக்கிறாங்க.

வெடிச்ச கல்லறையில சிமென்ட் பூசாதீங்க. அந்தக் காலக் கட்டு சுண்ணாம்புக் காரை. மழைத்தண்ணி உள்ள போனா அது வழியாவே வெளிய மூச்சு விட்டுடும். சிமென்ட் அடைச்சுட்டீங்கன்னா ஊட்டி மழைக்கு உள்ள போன ஈரம் வெளிய வர வழியில்லாம செங்கல்லையும் கல்லையும் அரிச்சு, நாலஞ்சு வருஷத்துல சிமென்ட் பத்தை அப்படியே கல்லோட மூஞ்சியையும் பேத்துட்டு விழும்.

பாசியைச் சுரண்ட கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் எதுவுமே வேண்டாம். பளிங்கு ஆசிட் பட்டா பொரிஞ்சு, தடவினா சர்க்கரை மாதிரி உதிரும். எழுத்து போச்சுன்னா போச்சு. வெறும் தண்ணி, மெத்துன்னு இருக்கிற பிரஷ், இடுக்குக்கு ஒரு மூங்கில் குச்சி போதும். கருங்கல்லுல வெட்டின எழுத்து நிக்கும். பளிங்குல ஈயம் அடிச்சு இறக்கின எழுத்து இருக்கும். அதைச் சுத்திக் கல்லு கரைஞ்சாலும் ஈயம் மட்டும் துருத்திட்டு நிக்கும், நகத்தால நிமிண்டாதீங்க. இரும்பு வேலி இன்னொரு எமன். துரு ஏற ஏற இரும்பு ஊதும், அது நட்ட குழியைச் சுத்திக் கல்லைப் பிளந்துடும்.

அழிஞ்ச எழுத்தைப் படிக்கச் சாக்பீஸ், மாவு தேய்க்கிறதை நிறைய பேர் பண்றாங்க. வேண்டவே வேண்டாம். போன் டார்ச்சை கல்லுக்கு ஒட்டினாப்ல பக்கவாட்டுல புடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. பக்கத்துல இருந்து அடிச்சா எழுத்துப் பள்ளத்துல நிழல் விழும், அழிஞ்சே போச்சுன்னு நினைச்ச வரி கூடத் தெரியும். ஒரு ஆள் டார்ச், ஒரு ஆள் போட்டோ.

போத்தனூர் ரோஸ் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க போத்தனூர் ரயில்வே காலனி குடும்பம், ஆங்கிலோ இந்தியன்ஸ். என் பாட்டியோட அத்தை ஒருத்தர் ஊட்டியில ஒரு வெள்ளைக்காரர் வீட்டுல பிள்ளைங்களைப் பார்த்துக்கப் போய், ரயில் மேல போறதுக்கு முந்தியே அங்க செத்துட்டாங்கன்னு வீட்டுல சொல்வாங்க. ஸ்டீபன் சர்ச்லதான் புதைச்சதா கேள்வி. எப்படித் தேடுறது? கல்லு இருக்குமான்னே தெரியல.

மஞ்சூர் மாமா எழுதியது:

அம்மா, முதலில் அவர் கத்தோலிக்கரா, ஆங்கிலிக்கனா (இங்கிலாந்துத் திருச்சபை) என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். கத்தோலிக்கர் என்றால் தேட வேண்டிய இடமே வேறு. ஆங்கிலிக்கன் என்றாலும் ஏரிப்பக்கம் இருக்கும் செயின்ட் தாமஸ் சர்ச்சையும் விட்டுவிடாதீர்கள். பிற்கால அடக்கம் நிறைய அங்கேதான். 1881இல் ஊட்டியிலேயே இறந்த கவர்னர் வில்லியம் பேட்ரிக் ஆடம் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. சேரிங் கிராஸ் ஃபவுண்டன் அவர் நினைவுக்கு வைத்ததுதான்.

கல் இல்லாவிட்டாலும் கவலைப்படாதீர்கள். கல் வைக்கக் காசு வேண்டும், ஆனால் அடக்கப் பதிவேட்டில் எல்லோர் பெயரும் ஏறும். சென்னை மாகாணத்து ஆங்கிலிக்கன் சர்ச்சுகள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். அது லண்டன் வரை போனது. இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 என்ற வரிசை முழுக்க நம் மாகாணத்துப் பதிவுகள்தான். இறந்த தேதி, அடக்கத் தேதி, வயது இருக்கும், பல பதிவுகளில் காரணமும் இருக்கும். ஃபிபிஸ் என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தளத்தில் பெயர் போட்டு இலவசமாகவே தேடலாம். ஜே.ஜே. காட்டன் 1905இல் தொகுத்த சென்னை மாகாணக் கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலில் நீலகிரியும் உண்டு. ஆனால் அது பெரிய மனிதர்கள் பட்டியல். பிள்ளை பார்த்துக்கொண்ட பெண்ணை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

போத்தனூர் ரோஸ் எழுதியது:

ரொம்ப தேங்க்ஸ் அங்கிள். ஆங்கிலிக்கன்தான், பாட்டியோட ப்ரேயர் புக் இன்னும் இருக்கு. வருஷம் 1890க்கும் 1900க்கும் நடுவுலன்னு குத்துமதிப்பாத்தான் தெரியும். நேர்ல போய் ரெஜிஸ்டரைப் பார்க்க விடுவாங்களா?

கோயில்பிள்ளை மகன் எழுதியது:

அக்கா, திடீர்னு போய் நின்னு "ரெஜிஸ்டர் குடுங்க"ன்னா யாரும் தர மாட்டாங்க, பழைய தாளு, தொட்டாலே ஒடியும். முன்கூட்டியே சேகரகுருவுக்கு (அந்தச் சர்ச் பாதிரியாருக்கு) ஒரு கடிதம் போடுங்க. முழுப்பேரு, கல்யாணத்துக்கு முந்தின பேரு, குத்துமதிப்பு வருஷம், உங்களுக்கு என்ன உறவு, எல்லாம் எழுதுங்க. ஸ்பெல்லிங் ரெண்டு மூணு விதமா எழுதிக் குடுங்க. கேட்டதைக் கேட்டபடி எழுதி வச்சிருப்பாங்க. ஞாயித்துக்கிழமையும் மே மாசமும் வேண்டாம், அவங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மழை முடிஞ்சு ஜனவரி, பிப்ரவரின்னா மேடும் வழுக்காது.

சுண்ணாம்புக் கரணை எழுதியது:

போறப்ப சொல்லுங்க மேடம். ஜனவரியில எனக்குக் குன்னூர்ல வேலை இருக்கு, டார்ச்சு புடிக்க நான் வர்றேன்.